சம்பளம் பல்கலைக்கழகத்தில், வேலை ஊருக்குள்

சென்னையில் நகர, வட்டாரத் திட்டமிடலில் முதுகலை முடிக்கப்போகும் ஒருவர் கேட்டிருக்கிறார்: அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் வேலை விளம்பரங்களில் "வட்டாரப் பொருளாதார, சமூக மேம்பாட்டுப் பிளானர்" என்று ஒரு பதவி வருகிறது. பாடம் நடத்த வேண்டியதில்லை, நகராட்சி வேலையும் கிடையாது. அப்படியென்றால் அந்த ஆள் காலையில் போய் என்னதான் செய்வார்? அதை நம்பி முப்பது வருட வாழ்க்கையை அமைத்துக்கொள்ள முடியுமா?

முடியும். நான் அப்படித்தான் அமைத்துக்கொண்டேன். ஒஹாயோ மாநிலத்தின் வடகிழக்கில், இரும்பாலைகள் மூடிப்போன ஊர்களுக்கு நடுவில், இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்த வேலையைச் செய்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஊர் வேலை எதற்கு என்று புரிய வேண்டும். 1862-இல் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட மாரில் சட்டம் ஒவ்வொரு மாநிலத்துக்கும் அரசு நிலம் கொடுத்தது. அந்த நிலத்தை விற்று, விவசாயமும் தொழில்நுட்பமும் சொல்லித்தரும் கல்லூரிகளை நடத்த வேண்டும் என்பது ஏற்பாடு. (அந்த நிலம் பூர்வகுடி மக்களிடமிருந்து பறிக்கப்பட்டது. அந்தக் கடனைப் பற்றி இந்தப் பல்கலைக்கழகங்கள் இப்போதுதான் பேசத் தொடங்கியிருக்கின்றன. இந்தத் துறைக்கு வருகிறவர் அதைத் தெரிந்துகொண்டே வர வேண்டும் என்பது என் கருத்து.) 1887-இல் ஆராய்ச்சிப் பண்ணைகள் வந்தன. 1914-இல் ஸ்மித்-லீவர் சட்டம் வந்து, பல்கலைக்கழக ஆட்களை ஏறக்குறைய எல்லாக் கவுண்டிகளிலும் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) கொண்டுபோய் உட்கார வைத்தது. நம் ஊரில் வேளாண் விரிவாக்கம் என்று சொல்கிறோமே, அதுதான். மண் பரிசோதனை, பழம் பதப்படுத்தல், கோழி வளர்ப்பு என்று ஆரம்பித்த வேலை, விவசாயத்தில் ஆட்கள் குறைந்து சிற்றூர்கள் காலியாகத் தொடங்கியதும், "எங்கள் கடைத்தெருவை என்ன செய்வது?" என்ற கேள்விக்குப் போய் நின்றது.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத் தலைவராக இருந்த சார்லஸ் வான் ஹைஸ் இதையே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொள்கையாகச் சொன்னார். பல்கலைக்கழகத்தின் நன்மை மாநிலத்தின் ஒவ்வொரு வீட்டையும் போய்ச் சேரும்வரை தனக்கு நிறைவில்லை என்றார். அப்புறம் 1965. அப்பலாச்சிய மலைப்பகுதிக்கென்று தனி ஆணையமும், நலிந்த வட்டாரங்களுக்கென்று கூட்டாட்சி அரசின் பொருளாதார மேம்பாட்டு நிர்வாகமும் அதே ஆண்டில் உருவாயின. அந்த நிர்வாகத்திடம் நிதி வாங்க வேண்டுமென்றால் வட்டாரத்துக்கு ஒரு விரிவான பொருளாதார உத்தித் திட்டம் இருக்க வேண்டும், ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது அதைப் புதுப்பிக்க வேண்டும். அதை எழுதத் தெரிந்த ஆட்கள் சின்ன ஊர்களிடம் இல்லை, பல்கலைக்கழகத்தில் இருந்தார்கள். அந்த நிர்வாகமே பல்கலைக்கழகங்களில் இதற்கான மையங்களுக்கு நிதியும் கொடுக்கிறது. உங்கள் விளம்பரத்தில் உள்ள பதவி பெரும்பாலும் இப்படிப்பட்ட ஒரு மையத்திலோ, விரிவாக்கத் துறையிலோதான் இருக்கும்.

சரி, அந்த ஆள் காலையில் போய் என்ன செய்வார்?

ஒரு வாரத்தைச் சொல்கிறேன். திங்கட்கிழமை முழுக்கக் கணினி முன்னால்: மக்கள்தொகைக் கணக்கு, வேலைவாய்ப்புப் புள்ளிவிவரம், விற்பனை வரி வசூல், காலி மனைகளின் வரைபடம். செவ்வாய் ஒரு கவுண்டி ஆணையரோடு சந்திப்பு. புதன் மாலை ஒரு தேவாலயத்தின் கீழ்த்தள அறையிலோ தீயணைப்பு நிலையத்திலோ ஊர்க் கூட்டம். நாற்பது மடக்கு நாற்காலி, காபி, சுவரில் ஒட்டிய பெரிய தாள்கள். வியாழன் ஒரு நிதி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். வெள்ளி, ஊரில் உள்ள ஒரு சிறு தொழிற்சாலையில் முதலாளியோடு ஒரு மணி நேரம். கடைசியில் சொன்னதற்குப் பலர் முக்கியத்துவம் தருவதில்லை. நான் நிறையத் தருகிறேன். வெளியூரிலிருந்து பெரிய ஆலையைக் கூட்டிவருவதைவிட, இருக்கிற ஆலை ஏன் விரிவாக்கம் செய்யத் தயங்குகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வதில் அதிகப் பலன் கண்டிருக்கிறேன். ஒருமுறை விடை, வேலை முடியும் நேரத்துக்குப் பேருந்து இல்லை என்பதாக இருந்தது. இரவு பதினொன்றரைக்கு ஷிப்ட் முடிகிறது, கடைசிப் பேருந்து பத்து மணிக்கே போய்விடுகிறது. அதைச் சரிசெய்ய எட்டு மாதம் ஆனது. எந்தப் பெரிய திட்டத்திலும் எழுதப்படாத வேலை அது.

கொலராடோவில் லிட்டில்டன் என்ற ஊர் இதையே ஒரு முறையாக்கிக் காட்டியது. ஊரின் பெரிய முதலாளியான மார்ட்டின் மரியெட்டா நிறுவனம் ஆயிரக்கணக்கானவர்களை வேலையிலிருந்து நிறுத்தியதும், 1987 முதல் அந்த நகர நிர்வாகம் ஆலை வேட்டையை விட்டுவிட்டு, உள்ளூர்ச் சிறு நிறுவனங்களுக்குச் சந்தைத் தகவல் தேடிக் கொடுக்கும் வேலையில் இறங்கியது. கிறிஸ் கிப்பன்ஸ் என்பவர் அதை முன்னெடுத்தார். "பொருளாதாரத் தோட்டக்கலை" என்று பெயர் வைத்தார்கள். இன்று பல பல்கலைக்கழக மையங்கள் செய்வதும் இதுதான்.

கருவிகளைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் பாடத்திட்டத்தில் பெரும்பாலானவை இருக்கும். ஒரு தொழில் தேசிய சராசரியைவிட உங்கள் ஊரில் எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்று பார்க்கும் கணக்கு இருக்கிறது. நாட்டில் நூறு தொழிலாளரில் 8 பேர் ஒரு தொழிலில் இருக்க, இங்கே 16 பேர் இருந்தால் விகிதம் 2. அப்புறம், வேலை குறைந்தது நாடு முழுக்கக் குறைந்ததாலா, அந்தத் தொழிலே நலிந்ததாலா, இந்த ஊரின் தனிக் குறையாலா என்று பிரித்துப் பார்ப்பது. மூன்றாவது, ஊர் மக்களின் பணம் எந்தெந்தச் செலவுக்குப் பக்கத்து ஊருக்குப் போகிறது என்று விற்பனை வரியை வைத்துக் கண்டுபிடிப்பது. இந்த மூன்றாவதில் ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கென்னத் ஸ்டோன் பெரிய பெயர். ஒரு வால்மார்ட் வந்தால் சுற்றியுள்ள சிற்றூர்களின் கடைகளுக்கு என்ன ஆகிறது என்று 1980-களின் இறுதியில் எண்ணோடு காட்டியவர். அவர் அதோடு நிற்கவில்லை. சிறு வியாபாரிகளை நேரில் சந்தித்து, எந்தச் சரக்கில் வால்மார்ட்டோடு மோதக்கூடாது, எதில் நிலைத்து நிற்கலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆராய்ச்சியை ஒரு கடைக்காரருக்குப் புரியும் பேச்சாக மாற்றுவது எப்படி என்பதற்கு எனக்கு அவர்தான் முன்மாதிரி.

நான்காவது கருவி ஒன்று இருக்கிறது. இதில்தான் பிளானரின் நேர்மைக்குச் சோதனை வரும், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். உள்ளீடு-வெளியீடு மாதிரி. வாசிலி லியான்டியெஃப் இதற்காக 1973-இல் நோபல் பரிசு பெற்றார். ஒரு ஆலையில் ஒரு வேலை உருவானால், அதற்குச் சரக்கு கொடுப்பவர், லாரி ஓட்டுபவர், அந்தச் சம்பளத்தில் சாப்பிடும் ஓட்டல்காரர் என்று சங்கிலியாக எத்தனை வேலை உருவாகும் என்று கணக்கிடும். பயன்பாட்டில் உள்ள இம்ப்ளான் என்ற மென்பொருள் அமெரிக்க வனத்துறையில் தொடங்கி மினசோட்டா பல்கலைக்கழகம் வழியாக வளர்ந்தது. நல்ல கருவிதான். ஆனால் அதற்குள் என்ன அனுமானம் போடுகிறோமோ அதுதான் விடையாக வெளியே வரும். பக்கத்து ஊரிலிருந்து இடம்பெயர்ந்து வரும் கடையைப் "புது வேலை" என்று கொடுத்தால், கணினி மறுக்காமல் பெருக்கித் தரும்.

என் ஐந்தாவது ஆண்டில் ஒரு கட்டுமான நிறுவனம் வரிச்சலுகை கேட்டு வந்தது. கிடங்கு ஒன்று கட்டப்போகிறார்கள், அதன் தாக்கத்தைப் பல்கலைக்கழகம் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். நான் போட்ட கணக்கு அவர்கள் எதிர்பார்த்ததில் பாதிகூட வரவில்லை. "அனுமானங்களை மறுபரிசீலனை செய்ய முடியுமா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள். ஊர் அதிகாரிகளும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள், அவர்களுக்கும் பெரிய எண்தான் தேவைப்பட்டது. நான் மாற்றவில்லை. அவர்கள் வேறொருவரிடம் போய் வேறொரு எண் வாங்கிக்கொண்டார்கள், கிடங்கும் கட்டப்பட்டது. இரண்டு ஆண்டு கழித்து அதே ஊரின் நிதி அதிகாரி என்னைக் கூப்பிட்டு, "அடுத்த சலுகைக்கு நீங்களே கணக்குப் போட்டுக் கொடுங்கள்" என்றார். தனியார் ஆலோசகராக இருந்திருந்தால் அந்த இரண்டு ஆண்டு என்னால் தாக்குப்பிடித்திருக்க முடியாது. பல்கலைக்கழகச் சம்பளம் ஒரு பிளானருக்குக் கொடுக்கும் பெரிய வசதி இது. விரும்பாத எண்ணைச் சொல்லிவிட்டு அங்கேயே இருக்கலாம்.

இந்த வசதி ஒரு ஊர் முழுவதற்கும் என்ன செய்யும் என்று பார்க்க யங்ஸ்டவுனுக்குப் போக வேண்டும். என் மையத்திலிருந்து கார் ஓட்டும் தூரம்தான். இந்தத் துறைக்கு வருகிற எவருக்கும் நான் முதலில் சொல்லும் ஊர் இது.

1930-இல் யங்ஸ்டவுனில் 1,70,002 பேர். மஹோனிங் ஆற்றங்கரை நெடுகிலும் இரும்பு உலைகள். 1977 செப்டம்பர் 19, ஒரு திங்கட்கிழமை, யங்ஸ்டவுன் ஷீட் அண்ட் டியூப் நிறுவனம் கேம்பெல் ஆலையை மூடுவதாக அறிவித்தது. சுமார் 5,000 பேருக்கு வேலை போயிற்று. அந்த நாளை இன்றும் "கறுப்புத் திங்கள்" என்கிறார்கள். அடுத்த சில ஆண்டுகளில் மற்ற ஆலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. ஊர் சும்மா இருந்துவிடவில்லை. மதத் தலைவர்கள் கூட்டணி அமைத்து, தொழிலாளரும் ஊராரும் சேர்ந்து ஆலையை வாங்கி நடத்த முயன்றார்கள். மக்கள் சேமிப்புக் கணக்கு திறந்து பணம் போட்டார்கள். கூட்டாட்சி அரசு கடன் உத்தரவாதம் தர மறுத்ததும், 1979-இல் அந்த முயற்சி நின்றது. அதற்குப் பிறகு கால் நூற்றாண்டு, ஏதாவது ஒரு பெரிய ஆலை வந்து பழைய யங்ஸ்டவுனைத் திருப்பித் தரும் என்ற காத்திருப்பிலேயே கழிந்தது. 2000-இல் மக்கள்தொகை 82,026. பாதிக்கும் கீழே. ஆனால் நகரின் திட்டம் 1950-களில் எழுதி 1970-களில் திருத்தியது, ஊர் இன்னும் பெருகும் என்று நம்பியது. சாலை, குழாய், எந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என்ற மண்டலப் பிரிப்பு எல்லாம் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுக்கானவை.

2000-இல் யங்ஸ்டவுன் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு டேவிட் ஸ்வீட் தலைவராக வந்தார். அதற்கு முன், வடகிழக்கு ஒஹாயோவின் பெரிய நகரமான கிளீவ்லாந்தில், கிளீவ்லாந்து மாநிலப் பல்கலைக்கழகத்தில் நகரவியல் கல்லூரியின் முதல்வராக நீண்டகாலம் இருந்தவர். பல்கலைக்கழகத்துக்கு வளாகத் திட்டம் தேவைப்பட்டது, நகரத்துக்கு முழுத் திட்டம் தேவைப்பட்டது. இரண்டையும் சேர்த்துச் செய்வோம் என்று முடிவானது. கிளீவ்லாந்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் நகரத் திட்டமிடல் இயக்குநராக இருந்த ஹன்டர் மாரிசன் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார். நகராட்சி தரப்பில் சமூக மேம்பாட்டுத் துறையின் பொறுப்பில் இருந்தவர் ஜே வில்லியம்ஸ் என்ற இளைஞர். டொராண்டோவிலிருந்து ஆலோசனை நிறுவனம் ஒன்றும் சேர்ந்தது.

அவர்கள் வரைபடத்தோடு தொடங்கவில்லை. ஊர் முழுக்கச் சிறுசிறு கூட்டங்களாக உட்கார்ந்து, ஒரு கேள்வியைக் கேட்டார்கள்: நாம் இனி எப்படிப்பட்ட ஊர்? 2002 டிசம்பரில் ஸ்டாம்பாக் அரங்கில் நடந்த பொதுக்கூட்டத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். அங்கிருந்து வந்த நான்கு கொள்கைகளில் முதலாவது: யங்ஸ்டவுன் ஒரு சிறிய நகரம் என்பதை ஏற்றுக்கொள்வது.

ஒரு அமெரிக்க நகரம் அதிகாரப்பூர்வமாக இப்படி எழுதுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. இங்கே வளர்ச்சி என்பது நம்பிக்கையின் மறுபெயர். "நாம் சுருங்கிவிட்டோம், சுருங்கியதற்கு ஏற்ற நல்ல ஊரை அமைப்போம்" என்று ஒரு மேயர் மேடையில் சொன்னால் அடுத்த தேர்தலில் காணாமல் போவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நடந்தது வேறு. திட்டம் 2005-இல் ஏற்கப்பட்டது. அதே ஆண்டு, கட்சி சாராத வேட்பாளராக நின்ற ஜே வில்லியம்ஸ் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வயது 34, அந்த ஊரின் முதல் கறுப்பின மேயர். பின்னாளில் ஒபாமா அரசில், நான் மேலே சொன்ன பொருளாதார மேம்பாட்டு நிர்வாகத்துக்கே தலைவரானார். "யங்ஸ்டவுன் 2010" என்ற அந்தத் திட்டத்துக்கு 2007-இல் அமெரிக்கத் திட்டமிடல் சங்கத்தின் தேசிய விருது கிடைத்தது, மக்களைச் சேர்த்துக்கொண்ட விதத்துக்காக.

அந்த உண்மையை முதலில் சபையில் வைக்கும் துணிச்சல் நகராட்சிக்குத் தனியாக வந்திருக்காது என்று நான் நம்புகிறேன். பல்கலைக்கழகம் பக்கத்தில் நின்றதால் வந்தது. ஓட்டுக் கேட்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை, வளாகத்தைத் தூக்கிக்கொண்டு புறநகருக்கு ஓடவும் முடியாது. ஊர் கெட்டால் தானும் கெடும். மக்கள் அதை உணர்ந்திருந்தார்கள்.

ஆனால் இதோடு கதையை முடித்தால் உங்களுக்குப் பொய் சொன்னதாகிவிடும். திட்டம் எழுதுவதில் காட்டிய பலம் நிறைவேற்றுவதில் இல்லை. நகராட்சியில் திட்டமிடல் பிரிவு மிகச் சிறியது. பாழ் வீடுகளை இடிப்பது வேகம் பிடித்தது. இடித்த மனைகளை என்ன செய்வது என்பதற்குப் பணமும் ஆளும் இல்லை. ஓரிரு வீடு மட்டும் மிஞ்சிய தெருக்களில் இருப்பவர்களை நெருக்கமான பகுதிக்கு நகரச் சொல்லி உதவித்தொகை தர முன்வந்தார்கள், அது பெரிய அளவில் நடக்கவில்லை. நாற்பது ஆண்டு வாழ்ந்த வீட்டை, கடன் அடைத்து முடித்த வீட்டை, பக்கத்து வீடு காலியானதற்காக ஒருவர் ஏன் விட வேண்டும்? சுருங்குவதை ஏற்றுக்கொள்வது கூட்டத்தில் எளிது, அது தன் தெருவுக்கு வரும்போது கடினம். மக்கள்தொகையும் நின்றுவிடவில்லை: 2010-இல் 66,982, 2020-இல் 60,068.

எனக்குப் பிடித்த பகுதி இதற்குப் பிறகு வருவது. 2009-இல் யங்ஸ்டவுன் குடியிருப்புப் பகுதி மேம்பாட்டுக் கழகம் என்ற சிறிய அமைப்பு தொடங்கியது. ஊர் முழுவதையும் ஒரேயடியாகத் தொடாமல், ஐடோரா என்ற ஒரு பகுதியை எடுத்துக்கொண்டார்கள். அங்கே ஒரு காலத்தில் பெரிய கேளிக்கைப் பூங்கா இருந்தது, 1984-இல் தீப்பிடித்து மூடியது. அந்தத் தெருக்களில் ஒவ்வொரு மனையாகப் பார்த்தார்கள்: இந்த வீட்டைச் சீரமைக்கலாம், இந்த வீட்டை இடிக்க வேண்டும், இந்தக் காலி மனையைப் பக்கத்து வீட்டுக்காரருக்கே கொடுத்துவிடலாம், அங்கே தோட்டம். பெரிய திட்டத்தின் முதல் கொள்கை, அதாவது சிறிய ஊர் என்று ஏற்பது, நான்கைந்து ஆண்டு கழித்து ஒரு தெருவில் வேலையாக இறங்கியது. திட்டத்தை எழுதி முடித்ததும் கிளம்பிவிட்டவர்கள் இதைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஹன்டர் மாரிசனின் பாதை உங்கள் கேள்விக்கு நேரடியான விடை என்பதால் அதையும் சொல்கிறேன். நகராட்சி, அங்கிருந்து பல்கலைக்கழகம், அங்கிருந்து வடகிழக்கு ஒஹாயோவின் 12 கவுண்டிகளுக்கும் சேர்த்து ஒரு கூட்டமைப்பு. "வைப்ரன்ட் நியோ 2040" ("நியோ" என்பது வடகிழக்கு ஒஹாயோவின் ஆங்கிலச் சுருக்கம்) என்ற வட்டாரத் தொலைநோக்குத் திட்டம் அங்கே 2014-இல் முடிந்தது. அதில் வெளிப்பட்ட முக்கியமான உண்மை: இந்த வட்டாரத்தில் மக்கள் பெருகவில்லை, ஆனால் கட்டடம் பரவிய நிலம் பெருகிக்கொண்டே போகிறது. அதே சாலைக்கும் சாக்கடைக்கும் வரி கட்ட ஆள் குறைகிறது.

அவருக்கும் முன்னால் இன்னொருவர் இந்தப் பாதையில் நடந்திருக்கிறார். நார்மன் கிரம்ஹோல்ஸ். 1969 முதல் 1979 வரை மூன்று மேயர்களின் கீழ் கிளீவ்லாந்தின் திட்டமிடல் இயக்குநர். தேர்வுகள் குறைவாக உள்ளவர்களுக்கு அதிகத் தேர்வுகளைத் தருவதே தங்கள் வேலை என்று அவரது குழு 1975-இல் எழுதி வைத்தது. பொதுப் போக்குவரத்தை வட்டார நிறுவனத்திடம் ஒப்படைக்கும் பேச்சில், கார் இல்லாத குடும்பங்களையும் முதியோரையும் முன்னிறுத்திக் கட்டணச் சலுகைக்காகப் போராடினார். அதன் பிறகு கிளீவ்லாந்து மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 2019-இல் காலமானார். இந்த வட்டாரத்தில் வேலை செய்யும் எங்களில் பலர் அவர் மாணவர்கள், அல்லது மாணவர்களின் மாணவர்கள். கூட்டத்தில் யாராவது புதுத் திட்டம் ஒன்றைப் புகழ்ந்து பேசினால், "கார் இல்லாதவருக்கு இதில் என்ன?" என்று கேட்கும் பழக்கம் எங்களுக்கு அங்கிருந்து வந்தது.

உங்களுக்கு ஊர்க் கூட்டத்தில் பேசுவது வராது, தரவுதான் வரும் என்றால் அதற்கும் இங்கே மரியாதையான இடம் உண்டு. கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகம் நடத்திய நியோ கேன்டோ என்ற தரவுத்தொகுப்பு கிளீவ்லாந்து வட்டாரத்தின் மனைத் தகவல்களை ஒன்றாகக் கோத்து வைத்தது. 2007-ஐ ஒட்டி வீட்டுக்கடன் நெருக்கடி வந்தபோது கிளீவ்லாந்தின் ஸ்லாவிக் வில்லேஜ் பகுதி நாட்டிலேயே மிக மோசமாக அடிபட்ட இடங்களில் ஒன்று. எந்த வீடு ஏலத்துக்குப் போகிறது, எது காலியாகிவிட்டது, எதை இன்னும் காப்பாற்றலாம் என்று தெருத்தெருவாகப் பார்க்க அந்தத் தரவு இல்லாவிட்டால் வழியே இருந்திருக்காது. வெளியே யாருக்கும் பெயர் தெரியாத ஆட்கள் செய்த வேலை அது.

என் தொடக்கத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நான் எழுதிய முதல் திட்டம் 140 பக்கம். ஆறாயிரம் பேர் உள்ள ஊர். வெளியிடும் கூட்டத்தில் ஒரு மூதாட்டி எழுந்து, "எங்கள் நூலகத்தில் இந்த ஊரைப் பற்றி ஏற்கெனவே மூன்று திட்டங்கள் இருக்கின்றன, நான்தான் அவற்றை அடுக்கி வைக்கிறேன். இதை நான்காவதாக வைக்கட்டுமா, அல்லது நீங்கள் அடுத்த மாதம் வருவீர்களா?" என்று கேட்டார். எங்களுக்குக் கிடைத்த நிதி அந்தக் கூட்டத்தோடு முடிந்திருந்தது. ஆனாலும் அடுத்த மாதம் போனேன். அதற்கடுத்த மாதமும். பதினோரு மாதம், ஒவ்வொரு மூன்றாம் வியாழனும். 140 பக்கத்தில் இரண்டு விஷயங்கள் நடந்தன: கடைத்தெருவில் பூட்டிக் கிடந்த ஒரு கட்டடம் திறந்தது, ஆற்றோரப் பாதைக்கு நிலம் கிடைத்தது. அதற்குப் பிறகு நான் எழுதும் திட்டங்கள் 30 பக்கத்தைத் தாண்டுவதில்லை. யார், எந்த மாதத்துக்குள், எந்தப் பணத்தில் என்று எழுத முடியாத வரியை எடுத்துவிடுகிறேன்.

இனி நடைமுறை. சம்பளம்: அமெரிக்காவில் பிளானர்களின் நடுத்தரச் சம்பளம் ஆண்டுக்கு 80,000 டாலரை ஒட்டியது. பல்கலைக்கழக மையங்களில் தொடக்கத்தில் அதைவிடக் குறைவாகவே இருக்கும். காப்பீடும் ஓய்வூதியமும் பொதுவாக நன்றாக இருக்கும், பிள்ளைகளின் படிப்புக்குக் கட்டணச் சலுகை பல இடங்களில் உண்டு. விசா: எச்-1பி-யில் ஆண்டுக்கு 85,000 என்ற உச்சவரம்பு பல்கலைக்கழகங்களுக்குப் பொருந்தாது, அதனால் குலுக்கலில் காத்திருக்க வேண்டியதில்லை. குடியேற்ற விதிகள் அடிக்கடி மாறுகின்றன, விண்ணப்பிக்கும் சமயத்தில் சரிபாருங்கள். அமெரிக்கத் திட்டமிடல் சங்கத்தின் சான்றிதழ் தேர்வை வேலையில் சேர்ந்து சில ஆண்டுகளில் எழுதிவிடுங்கள். பேராசிரியர் பதவிதான் இலக்கு என்றால் முனைவர் பட்டம் வேண்டும், இந்தப் பதவிக்கு வேண்டியதில்லை.

பெரிய ஆபத்து ஒன்று உண்டு. இந்தப் பதவிகளில் பாதிக்கு மேல் நிதியோடு கட்டிப்போட்டவை என்பது என் அனுபவம். மூன்று ஆண்டு நிதி என்றால் மூன்று ஆண்டு வேலை. கூட்டாட்சி வீட்டுவசதித் துறை 1994-இல் பல்கலைக்கழகங்களின் சமூகப் பணிக்கென்று தனி நிதித்திட்டம் தொடங்கியது. அதை நம்பிப் பல மையங்கள் பிறந்தன. பத்துப் பன்னிரண்டு ஆண்டில் அந்தப் பணம் வற்றியதும் சில மையங்கள் பெயர்ப்பலகையோடு நின்றன. எனக்கும் ஒருமுறை வேலை போயிருக்கிறது. ஒரு மையத்தில் ஆறு ஆண்டு இருந்த பிறகு, ஜூன் மாதத்தில் நிதி புதுப்பிக்கப்படவில்லை என்று இரண்டு வரி மின்னஞ்சல். வீட்டில் சின்னக் குழந்தை, விசா கையில் எண்ணக்கூடிய நாட்கள். நான் வேலை செய்திருந்த இரண்டு ஊர்களின் மேயர்கள் வேறொரு பல்கலைக்கழகத்துக்குத் தொலைபேசியில் பேசியதால்தான் இந்தத் துறையில் நீடித்தேன். எனவே நேர்காணலில் தயங்காமல் கேளுங்கள்: இந்தப் பதவிக்கான பணம் பல்கலைக்கழகத்தின் சொந்த நிதியிலிருந்து வருகிறதா, வெளி நிதியிலிருந்தா? எத்தனை ஆண்டுக்கு உறுதி? கேட்பது தவறே இல்லை. தெளிவாகப் பதில் சொல்லாத இடத்துக்குக் குடும்பத்தோடு போகாதீர்கள்.

இந்தியாவில் படித்தவருக்கு இங்கே குறை என்று பயப்பட வேண்டாம். கூட்டாட்சி, மாநிலம், கவுண்டி, நகராட்சி என்ற அடுக்கு நமக்குப் புதிதில்லை. பல்கலைக்கழகம் ஊருக்குள் போக வேண்டும் என்ற எண்ணமும் நமக்கு இரவல் இல்லை. திண்டுக்கல் பக்கத்தில் காந்திகிராமத்தில் சௌந்திரம் அம்மாவும் ஜி.ராமச்சந்திரனும் 1956-இல் தொடங்கிய கிராமிய நிறுவனம் படிப்பு, ஆராய்ச்சி, விரிவாக்கம் மூன்றையும் ஒன்றாக வைத்து நடத்தியது. நான் மாணவனாக அங்கே ஒரு கோடைக்காலம் இருந்தேன். ஒரு கிராமத்தில் மக்களோடு தரையில் உட்கார்ந்து கோலமாவில் அவர்கள் ஊரின் வரைபடத்தை அவர்களே போடப் பார்த்தது, பின்னாளில் ஒஹாயோ தேவாலயக் கீழ்த்தள அறைகளில் எனக்குக் கைகொடுத்தது. உங்களுக்குப் புதிதாக இருக்கப்போவது இனப் பாகுபாட்டின் வரலாறு. எந்தத் தெருவுக்கு வங்கி கடன் கொடுக்க மறுத்தது, எந்த நெடுஞ்சாலை எந்தக் குடியிருப்பைப் பிளந்தது என்பது தெரியாமல் இங்கே ஒரு வரைபடத்தையும் வாசிக்க முடியாது. வருவதற்கு முன் அதைப் படித்துவிடுங்கள்.

விண்ணப்பத்தோடு என்ன அனுப்புவது என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். ஸ்டூடியோவில் செய்த அழகான மாஸ்டர் பிளான் வேண்டாம், எல்லோரும் அதைத்தான் அனுப்புகிறார்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில், இருபதாயிரம் பேருக்கு மேல் போகாத ஒரு ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். கடைத்தெருவில் ஒவ்வொரு கடையாக எண்ணுங்கள்: எது திறந்திருக்கிறது, எது பூட்டியிருக்கிறது, பூட்டி எத்தனை வருடம், என்ன வியாபாரம் நடந்தது. பதினைந்து கடைக்காரர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். கிடைத்ததை நான்கு பக்கத்தில் எழுதுங்கள். எழுதியதை முதலில் அந்தக் கடைக்காரர்களிடமே கொண்டுபோய்ப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் எங்கே தப்பு என்று சொன்னார்களோ, அதைத் திருத்திய பிரதியையும் திருத்துவதற்கு முன் இருந்த பிரதியையும் சேர்த்து அனுப்புங்கள். ஆள் எடுக்கும் குழுவில் நான் இருந்தபோது, இரண்டு பிரதிகளையும் அனுப்பியவர் இதுவரை ஒரே ஒருவர்தான். அவர் இப்போது எனக்குப் பக்கத்து அறையில் இருக்கிறார்.